பலகையின் பின்பக்கம்

(கைவினை செய்யும் மகளிர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சகோதரிகளே, பெரியோர்களே, வணக்கம்.

கையில் ஒரு தஞ்சாவூர்ப் படம் கொண்டுவந்திருக்கிறேன். வெண்ணெய்ப் பானையோடு கண்ணன். முன்பக்கத்தை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். இப்போது திருப்பிக் காட்டுகிறேன். பின்னால் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்கிறேன்: "ஒட்டுப்பலகை. 22 காரட் தங்கரேக்கு. ஜெய்ப்பூர்க் கற்கள். தஞ்சாவூர் பாணியில் சென்னையில் வரைந்தது." ரேக்கு என்றால் தாள்போல மெல்லிய தகடு. கீழே தேதியும் என் கையெழுத்தும். பொழுதுபோக்காக வரைந்துகொண்டிருந்த நான் தொழில்காரியானது இந்தத் தாளை ஒட்டத் தொடங்கிய நாளில்தான்.

அதற்கு முன் பதினொரு ஆண்டுகள் எனக்காகவே வரைந்தேன். பலகையில் துணி ஒட்டி, சுக்கான் மாவை, அதாவது சுண்ணாம்புக்கல் பொடியை, பசையோடு குழைத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கி, கோடு போட்டு, கல் பதித்து, மக்கு என்னும் மாவும் பசையும் கலந்த குழைவை வைத்து நகைகளைப் புடைக்கச் செய்து, ரேக்கு ஒட்டி, கடைசியில்தான் வண்ணம். மக்கு வைக்கும் நேரத்தில் யாராவது அழைப்புமணி அடித்தால் முத்துமாலை கோணிவிடும்.

பிறகு அக்கம்பக்கத்தார் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஓர் அம்மா துணியில் சுற்றிய படத்தோடு வந்தார். மகாலட்சுமியின் மகுடம் ஓரத்திலிருந்து கறுத்திருந்தது. "பூஜை அறையில் வைத்திருந்தேனே, என்னால் ஏதாவது தவறா?" என்று கேட்டார். தவறு அவருடையதன்று. அசல் தங்கம் என்று நம்பி நான் வாங்கிய ரேக்கு போலி. விற்ற கடைக்காரர் கைவிரித்துவிட்டார். ஆனால் அந்த அம்மா நம்பியது கடைக்காரரை அல்ல, என்னை. ரேக்கு முழுவதையும் பெயர்த்தெடுத்து மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். முதல் தாள் அந்தப் படத்தின் பின்னால்தான் இருக்கிறது.

"தஞ்சாவூர் பாணியில்" என்று ஏன் எழுதுகிறேன்? தஞ்சாவூர் ஓவியம் புவிசார் குறியீடு பெற்றது; அதாவது, ஒரு பொருள் இன்ன ஊருக்கு உரியது என்று காட்டும் சட்டப்படியான அடையாளம். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்ட உற்பத்தியாளருக்கே உண்டு. சென்னை வீட்டில் வரையும் நான் அந்த முத்திரையை ஒட்டினால், தலைமுறையாகத் தஞ்சாவூரில் உட்கார்ந்து வரையும் குடும்பத்தின் சோற்றில் கை வைப்பதாகும்.

விலை விஷயத்திலும் இதே கவலைதான் எனக்கு. தொடக்கத்தில் பலகை, ரேக்கு, கல், சட்டம், கண்ணாடி என்று செலவை மட்டும் கூட்டி விற்றேன். என் நேரத்துக்குக் கூலி போடக் கூச்சம். எனக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் ஒரு நாள் சொன்னார்: "உன் வீட்டில் வேறு சம்பளம் வருகிறதம்மா. எனக்கு இது ஒன்றுதான். நீ அடக்க விலைக்கு விற்றால் என்னிடமும் அதே விலைக்குக் கேட்கிறார்கள்." அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. இப்போது ஒரு நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மணி நேரம் என்று குறித்து, கூலியைச் சேர்த்தே விலை சொல்கிறேன். குறைத்துத் தரச் சொன்னால் சிறிய படம் காட்டுகிறேன், கூலியைக் குறைப்பதில்லை. இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

மரபைப் படித்தால் வியாபாரம் குறுகிவிடும் என்று பயப்பட வேண்டாம். பாட்டியின் உருவத்தை இந்தப் பாணியில் வரைய முடியுமா என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். தெய்வங்களை மட்டும்தான் வரையலாம் என்று நானும் முன்பு நினைத்ததுண்டு. ஆனால் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்களின் உருவங்களும் இப்படி வரையப்பட்டிருக்கின்றன. அது தெரிந்ததால் துணிந்து ஒப்புக்கொண்டேன். பாட்டியின் மூக்குத்திக்கு ஒற்றைச் சிவப்புக் கல் வைத்தேன்.

பதிவு வேலைகள் எளிது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்கு ஆதார் எண் வேண்டும், கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைச் சுற்றுக்கு அனுப்புகிறேன். ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், ரேக்கின் மேல் விரல் பட வேண்டாம். பார்த்தவர்கள் திருப்பி அந்தத் தாளையும் படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்.