ஸ்பேயர் பேராலயச் சுவர்களில் ஷ்ராவ்டோல்ஃப்

பெரியோர்களே, நண்பர்களே,

ஓவியர் யோஹான் ஷ்ராவ்டோல்ஃப் 1808-இல் ஜெர்மனியின் பவேரியாவின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலைச்சாரலில் உள்ள ஓபர்ஸ்டோர்ஃபில் பிறந்தவர். மியூனிக்கில் ஹைன்ரிஷ் ஹெஸ்ஸிடம் தொழில் கற்றார். 1879-இல் அதே நகரில் மறைந்தார். அவர் பெயர் நிலைப்பது தென்மேற்கு ஜெர்மனியிலுள்ள ஸ்பேயர் பேராலயத்தால்தான். 1689-இல் பிரெஞ்சுப் படை தீவைத்த கோயில் அது. அதன் உட்சுவர்களுக்கு ஓவியம் தீட்டும் பொறுப்பை பவேரிய அரசர் முதலாம் லுட்விக் இவரிடம் தந்தார். தம்பி கிளவுடியுஸையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு 1846 முதல் 1853 வரை சாரத்தில் நின்று வேலை செய்தார். மைய மண்டபத்தில் மரியாளின் வாழ்க்கையை ஒட்டி 24 காட்சிகள். பக்க மண்டபங்களில் ஸ்தேவானும், 1146-இல் இதே கோயிலில் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்த பெர்னார்டும்.

இவை ஈரச்சாந்து ஓவியங்கள் (ஃப்ரெஸ்கோ), சாந்து உலருமுன் தீட்டுபவை. இதில் பாதி வேலை கொத்தனாருடையது. சுண்ணாம்பு நீற்றுக்குழியில் மாதக்கணக்கில், முடிந்தால் ஆண்டுக்கணக்கில் ஊற வேண்டும். நீறாத ஒரு துணுக்கு தங்கினாலும் அது சுவரேறிய பிறகு நீறி உப்பும். முகத்தின் நடுவே பொரிந்து குழி விழும். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஏறக்குறைய மூன்று பங்கு மணல். மேற்பூச்சு சில மில்லிமீட்டர் கனம்தான். அதில் மணலும் பொடியாக, அளவிலும் குறைவாக இருக்கும். அதையும் அன்று தீட்டி முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டுமே பூசுவார்கள். முழு அளவுத் தாள் வரைவை அதன்மேல் வைத்து, கோடுகளைக் கூர்முனையால் அழுத்திப் பதிப்பார்கள். நிறத்தை வெறும் நீரில் குழைத்தால் போதும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இறுகும்போது நிறமும் அதோடு இறுகிவிடுகிறது. சில மணி நேரம்தான் அவகாசம். தாமதித்துத் தீட்டிய நிறம் பிடிக்காமல் பின்னாளில் பொடியாய் உதிரும். மாலையில் மீதமுள்ள சாந்தை ஓவிய விளிம்போடு சாய்வாக வெட்டி எடுத்துவிட வேண்டும். நேற்றைய நிறம் உலர்ந்து வெளிறியிருக்கும். இன்றைய ஈர நிறம் அடர்ந்து தெரியும். இரண்டும் காய்ந்த பின் ஒன்றாகப் பொருந்த வேண்டுமே, ஓவியனின் அனுபவம் அங்கேதான் வெளிப்படும். ஈய வெள்ளையைத் தொடவே கூடாது, அது சுவரில் கறுத்துவிடும், வெள்ளைக்கும் சுண்ணாம்பேதான்.

1957-இல் தொடங்கிய சீரமைப்பில் ரோமனெஸ்க் (கோதிக் பாணிக்கு முந்தைய இடைக்காலப் பாணி) கல்லை வெளிக்கொணர வேண்டும் என்று முடிவு செய்து, மைய மண்டபக் காட்சிகள் தவிர மற்றவற்றை அகற்றினார்கள். அவசர முடிவு என்றே சொல்வேன். வெறுங்கல் சுவரும் 20-ஆம் நூற்றாண்டின் ரசனைதானே? சில ஓவியங்களை மட்டும் உரித்துத் துணிக்கு மாற்றினார்கள். 2012 முதல் அவை மேற்குக் கட்டடத்தின் கைசர் மண்டபத்தில் உள்ளன.

உரிக்கும் முறை இது. ஓவியத்தின் மேல் சூடான விலங்குப் பசையால் மெல்லிய துணியும், அதன்மேல் முரட்டுத் துணியும் ஒட்டுவார்கள். பசை காயும்போது சுருங்கி நிறப்படலத்தைச் சாந்திலிருந்து பிடுங்கும். பின்புறம் புதுத்துணி ஒட்டிய பிறகு, முன்பக்கத் துணியை வெந்நீரால் கழற்றுவார்கள். சுவர் ஈரமாக இருந்தால் பசை காயாது. உலர்ந்த பூச்சின்மேல் பிறகு ஒட்டவைத்த நிறமோ வெந்நீரோடு போய்விடும். எல்லாம் சரியாக நடந்தாலும் அழுத்திப் பதித்த கோடுகளும் ஒரு நாள் வேலை இன்னொன்றோடு சேரும் விளிம்புகளும் மட்டமாகிவிடுகின்றன. ஷ்ராவ்டோல்ஃபின் கைவேலையை அறிய விரும்புகிறவர்கள் மைய மண்டபத்து 24 காட்சிகளிடம் முதலில் போங்கள். அவை இன்னும் தங்கள் சாந்தின் மேலேயே இருக்கின்றன.