ஏ, இ, ஐ, ஓ, யூ ஐந்தும் வரும் நீளமான ஆங்கிலச் சொற்கள்

அடுத்த கேள்வி அம்பத்தூரிலிருந்து ஒரு தங்கை அனுப்பியது. "சார், காலேஜ் கல்ச்சுரல்ஸில் வார்த்தைப் போட்டி இருக்கிறது. ஏ, இ, ஐ, ஓ, யூ ஐந்தும் வருகிற நீளமான ஆங்கில வார்த்தைகளை அர்த்தத்தோடு சொல்லுங்கள்" என்கிறார்.

எஜுகேஷனில் ஐந்தும் உண்டு. ஆனால் அதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். ஐந்தும் வரிசையாக வருகிற சொல்லைப் பிடியுங்கள், நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

முதலில் ஃபசீஷியஸ். போர்டைப் பாருங்கள்: எஃப், ஏ, சி, இ, டி, ஐ, ஓ, யூ, எஸ். நேரங்காலம் தெரியாமல் கேலி பேசுவதைச் சொல்கிற வார்த்தை. வேளச்சேரியில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து ஒருவர் தவித்து நிற்கும்போது, "நீச்சல் குளத்துக்கு டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்கிறாரே ஒரு மகானுபாவர், அவர் பேச்சு ஃபசீஷியஸ். காதில் விழுகிறபடி எழுதினால் இதன் ஸ்பெல்லிங் நிச்சயம் தப்பும். உயிரெழுத்து வரிசை ஞாபகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இப்படிப்பட்ட சொற்களைத் தேடுவதில் எனக்குத் தெரிந்த உருப்படியான லாபம் இதுதான்.

அப்புறம் அப்ஸ்டீமியஸ், 10 எழுத்து. இதிலும் அதே வரிசை. சாப்பாட்டிலும் குடியிலும் அளவோடு இருப்பவர் என்று பொருள். பந்தியில் இரண்டாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டாதவர். நான் அந்த ரகம் இல்லை.

வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் இன்னும் சுவாரசியம். சப்கான்டினென்டல் 14 எழுத்து: யூ, ஓ, ஐ, இ, ஏ. துணைக்கண்டத்தைச் சேர்ந்தது என்று அர்த்தம். சேப்பாக்கத்தில் பந்து சுழல ஆரம்பித்தால் கமென்ட்ரியில் "சப்கான்டினென்டல் கண்டிஷன்ஸ்" என்பார்களே, அதே சொல்தான். அன்காம்ப்ளிமென்டரி 15 எழுத்து, அதுவும் தலைகீழ். பாராட்டாக இல்லாத, குறை சொல்கிற பேச்சு.

எல்லாவற்றையும்விட நீளமானது வேண்டும் என்றால் நிமோனோ-அல்ட்ரா-மைக்ரோஸ்கோபிக்-சிலிகோ-வால்கேனோ-கோனியோசிஸ். 45 எழுத்து. ஐந்து உயிரெழுத்தும் உண்டு. ஓ மட்டும் 9 முறை, இ ஒரே ஒரு முறை. நுரையீரல், மிக நுண்ணிய, சிலிகா, எரிமலை, தூசு நோய் என்று துண்டு துண்டாக வெட்டிப் படித்தால் பயமே இருக்காது. மிக நுண்ணிய சிலிகா தூசைச் சுவாசித்து வரும் நுரையீரல் நோய். ஆனால் டாக்டர்கள் சுருக்கமாக சிலிகோசிஸ் என்றுதான் சொல்வார்கள். இவ்வளவு நீளப் பெயர் 1935இல் அமெரிக்காவில் புதிர்ப் பிரியர்கள் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித் கட்டியது. நீளத்துக்காகவே கட்டியது என்பதால் நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன்.

ஒய்யும் சேர்த்து ஆறு வேண்டும் என்று நடுவர் மடக்கினால், ஃபசீஷியஸ், அப்ஸ்டீமியஸ் இரண்டின் முடிவிலும் எல், ஒய் சேர்த்துவிடுங்கள். ஆறும் வரிசையாகவே நிற்கும்.