போர்மட் அடிக்கிறதுக்கு முன்னால்

வணக்கம் நேயர்களே. பழைய லெப்டொப்பை ஓன் பண்ணியதும் ஃபேன் இரைகிறது, மவுஸ் நகர மாட்டேன் என்கிறது, பக்கத்தில் இருக்கிற யாராவது ஒருவர் உடனே "போர்மட் அடிங்க", அதாவது உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுங்கள் என்று சொல்லிவிடுவார். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நம் தேயிலைத் தோட்டங்களில் எத்தனையோ வீடுகளில் உயர்தரம் படிக்கிற பிள்ளைக்காகச் சீட்டுக் காசில் வாங்கிய லெப்டொப் அது, கோப்புகளை எடுத்து வைக்காமல் போர்மட் அடித்தால் பிள்ளையின் நோட்ஸ் அத்தனையும் போய்விடும்.

விண்டோஸ் 10 தன் பராமரிப்பு வேலைகளை வழக்கமாக இரவு 2 மணிக்குத்தான் வைத்திருக்கிறது. அந்த நேரம் நம் வீட்டில் லெப்டொப் அணைந்து கிடக்கும். கிழமைக்கு ஒருதரம் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுத் திறந்தால், தேங்கிக் கிடந்த அப்டேட், வைரஸ் ஸ்கேன் எல்லாம் ஒன்றாக வந்து பிராசசர் மேல் ஏறி உட்காரும். அதனால் முதலில் சார்ஜரில் மாட்டி, அரைமணி நேரம் கை வைக்காமல் விட்டுப் பாருங்கள். பல லெப்டொப்புகள் அதிலேயே அடங்கிவிடும்.

அடங்கவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும், சின்னப் பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். அப்புறம் சிபியு (பிராசசர்தான்) என்ற தலைப்பை அழுத்தினால் அதிகம் இழுப்பது மேலே வந்து நிற்கும். 'ஆன்டிமால்வேர் சர்விஸ்' என்றிருந்தால் வைரஸ் ஸ்கேன் ஓடுகிறது, 'விண்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்டோலர்' என்றிருந்தால் அப்டேட் ஏறிக்கொண்டிருக்கிறது, இரண்டையும் பாதியில் நிறுத்தாதீர்கள். 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' விடாமல் மேலேயே நின்றால் டிரைவரிலோ (பாகங்களை விண்டோஸோடு இணைக்கிற புரோகிராம்) உள்ளே இருக்கிற ஏதாவது பாகத்திலோ கோளாறு இருக்கலாம், டொங்கிள், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். வைரஸைத் தடுக்கிற 'வைரஸ் கார்ட்' புரோகிராம் இரண்டு போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், அது பாதுகாப்பு இல்லை, வீண் சுமை.

அதே இடத்தில் 'ஸ்டார்ட்அப்' என்ற பக்கத்தில், தானாகத் திறக்கிற செட் (அரட்டை), பாட்டு, பிரிண்டர் புரோகிராம்களை 'டிசேபிள்' பண்ணலாம், அவை அழிந்துபோகாது.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. 'ஷட்டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் 10 பழைய நிலையின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த தரம் அதிலிருந்தே எழும்பும். டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபோமன்ஸ்' பக்கத்தில் 'அப் டைம்' என்பதைப் பாருங்கள், நேற்று அணைத்த லெப்டொப் பல நாள் விடாமல் ஓடியதாகக் காட்டும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும்.

அந்தப் பக்கத்திலேயே 'ஸ்பீட்' எண் 'பேஸ் ஸ்பீடை' (பிராசசரின் அடிப்படை வேகம்) விட வெகுவாகக் குறைந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். வேலை நடக்கும்போதே அப்படி இறங்கிக் கிடந்தால் அநேகமாகச் சூடுதான் காரணம். நுவரெலியாக் குளிரில் சூடா என்று கேட்பீர்கள். விறகடுப்புப் புகையும் தூசியும் சேர்ந்து ஃபேன் வழியை அடைத்துவிட்டால் வெளியே எவ்வளவு குளிராக இருந்தும் பயனில்லை, சுத்தம் செய்யத்தான் வேண்டும். சிபியு சும்மா இருக்க டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இழுபடுகிறது, அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்கை மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடைக்குக் கொண்டுபோகும்போது 'ஸ்லோ' என்று மட்டும் சொல்லாதீர்கள், டாஸ்க் மேனேஜர் திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.