பொய்ம்மொழியும் அதன் கணக்கும்

அவையினர் அனைவருக்கும் வணக்கம். 'எனக்குப் பிடித்த புனைகதைகள்' என்ற தலைப்பைக் கொடுத்தவர்கள் நான் ஒரு பட்டியலோடு வருவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். என் அலமாரியில் அறிவியல் புனைகதைகளும் சிறுவர் நூல்களும் ஒரே தட்டில் கலந்து கிடக்கின்றன. பார்க்கிறவர்கள் முன்னவை எனக்கு, பின்னவை வீட்டுக் குழந்தைகளுக்கு என்று தாமாகவே பாகம் பிரித்துவிடுகிறார்கள். இரண்டையும் நான் ஒரே நாக்கால்தான் சுவைக்கிறேன் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

இந்தச் சுவைக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. உரைநடையை நான்காக வகுக்கும் தொல்காப்பியம் அவற்றுள் ஒன்றைப் 'பொருள் மரபில்லாப் பொய்ம்மொழி' என்கிறது. அதற்கு உரை வரைந்த பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர், யானையும் குருவியும் தமக்குள் நட்புக்கொண்டு இன்ன இடத்துக்குச் சென்று இன்னவாறு செய்தன என்று வழங்கிவரும் கதைகளை எடுத்துக்காட்டுகிறார். நட்பு என்னும் முதற்பொய்யை ஒப்புக்கொண்ட பிறகு, எங்கே போயின, என்ன செய்தன என்பதற்கெல்லாம் கதைசொல்லி பதில் வைத்திருந்தாக வேண்டும். எனக்குப் பிடித்த கதைகள் அத்தனையும் இப்படித்தான்: பொய் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் கறாரான கணக்கு.

நிலவுக்கு மனிதரை அனுப்பும் ஜூல் வெர்னின் நாவலும், முயல் வளைக்குள் விழும் ஆலிஸைப் பற்றிய லூயிஸ் கரோலின் நூலும் 1865 என்னும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. இவற்றுள் கணக்கு வாத்தியார் எழுதியது சிறுவர் நூல்தான். கரோல் ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்தவர். அதன் தொடக்கத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். வெள்ளை முயல் ஒன்று 'ஐயோ, நேரமாகிவிட்டதே' என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு ஓடுகிறது, ஆலிஸ் வியக்கவில்லை. அதே முயல் தன் உள்சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மணி பார்த்தபோதுதான் துள்ளி எழுகிறாள். பிறகு, ஏறத்தாழ 15 அங்குல உயரமுள்ள சிறு கதவுக்குள் நுழைவதற்காக ஒரு குப்பியில் உள்ளதைக் குடித்து, 10 அங்குலமாகச் சுருங்குகிறாள். குடிப்பதற்கு முன் அதன்மேல் 'நஞ்சு' என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறாள். சுருங்கியாயிற்று, சாவியோ கண்ணாடி மேசையின்மேல் இருக்கிறது, கை எட்டவில்லை. உடம்பு சுருங்கினால் கையும் சுருங்கும் என்பதை மறக்காத இந்த நேர்மைக்காகவே அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். குழந்தைகளுக்கு நீதி புகட்டியே தீருவேன் என்று மடக்கிப் பிடிக்கும் நூல்களை என்னால் பத்துப் பக்கம்கூடத் தாண்ட முடிந்ததில்லை.

வெர்னுக்கு வருவோம். ஃபுளோரிடாவில் 900 அடி நீளப் பீரங்கியை மண்ணுக்குள் வார்த்து, அதிலிருந்து மூவரைச் சுட்டு அனுப்புகிறார் அவர். ஹெச். ஜி. வெல்ஸோ 1901-இல் வந்த தம் நிலவுப் பயண நாவலில், ஈர்ப்பு விசையை மறைக்கும் ஒரு பொருளைக் கற்பித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வெர்னுக்கு இது பொறுக்கவில்லை: நான் இயற்பியலைப் பயன்படுத்துகிறேன், அவர் இட்டுக்கட்டுகிறார், எங்கே அந்த உலோகத்தைக் காட்டட்டும் என்றார். என் ஓட்டு வெல்ஸுக்கே. வெர்னின் பீரங்கியில் உண்மையாகவே ஏறியிருந்தால், வெடித்த கணத்தின் உந்துவேகத்திலேயே மூவரும் நசுங்கிப்போயிருப்பார்கள். பொய் இருவரிடமும் உண்டு. ஒருவர் அதற்கு எண்களால் சட்டை தைத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அந்தச் சட்டையும் அழகாகத்தான் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.

'காட்டட்டும்' என்ற அறைகூவலுக்கு வெல்ஸ் 'கால இயந்திரம்' என்னும் தம் 1895-ஆம் ஆண்டு நாவலிலேயே விடை வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. காலப் பயணி 8,02,701-ஆம் ஆண்டுக்குப் போய்த் திரும்பி வருகிறார். நண்பர்கள் நம்பவில்லை. இயந்திரம் இயங்கும் விதத்தை அவர் விளக்கவும் இல்லை. தம் சட்டைப் பைக்குள் கையை விட்டு, வாடிப்போன இரண்டு வெள்ளைப் பூக்களை எடுத்து மேசைமேல் வைக்கிறார். கூட்டத்தில் இருந்த மருத்துவர் அவற்றை விளக்கொளியில் திருப்பிப் பார்த்து, இவை எந்தத் தாவரக் குடும்பமென்று தெரியவில்லையே என்கிறார். நான் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்.

பயணி தர மறுத்துவிடுகிறார்.