கவரைத் திருப்பித் தருவேனா?

நடுவர் அவர்களுக்கு வணக்கம். ஆயர் ஐயாவுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம். ஏற்காட்டுக் குளிரில் இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தனி வணக்கம். அவ்வளவுதான், மீதி நேரம் எனக்கு வேண்டும்.

காணிக்கையால் பெரிதும் பலன் அடைவது கொடுப்பவரா, வாங்குபவரா என்பது தலைப்பு. கொடுப்பவரே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், பேராசிரியர் ஐயா, வேலூரை எடுத்துப் போட்டார். அங்கே வைத்தியம் பார்த்த மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாருக்கு அமெரிக்காவில் ஒரு வங்கிக்காரர் 10,000 டாலர் கொடுத்தார், 1902-இல் 40 படுக்கையோடு மருத்துவமனை எழுந்தது, இன்றைக்கும் சேலத்து ஜனங்கள் வேலூருக்குப் பக்கத்திலுள்ள காட்பாடிக்கு ரயிலேறிப் போய்ப் பிழைத்து வருகிறார்கள், பலன் யாருக்கு என்று கேட்டார். நல்ல கேள்வி. பதில் இருக்கிறது, வருகிறேன்.

ஐயா அதோடு நிறுத்தியிருக்கலாம். போகிற போக்கில் என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். "வாங்குவதில் பெரிய பலன் இல்லை என்று பேச வந்திருக்கிறாரே, இவர் இன்றைக்கு விழாக் கமிட்டி கொடுக்கும் கவரைத் திருப்பித் தருவாரா?" நீங்களும் கைதட்டினீர்கள். அந்த மூன்றாவது வரிசை அண்ணன் விசிலே அடித்தார். அண்ணே, சபை வளாகத்தில் விசிலா?

நடுவர் அவர்களே, சேலத்திலிருந்து இங்கே வர 20 கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவு தாண்டும்போதே மதியச் சாப்பாடு மொத்தத்தையும் மலைக்குக் காணிக்கையாகச் செலுத்திவிட்டுத்தான் வந்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு நிற்கிறவனிடம் கவரைக் கேட்கிறார்.

சரி, கேட்டதற்குப் பதில். நான் கவரைத் திருப்பிக் கொடுத்தால் எங்கள் கட்சிப்படி பலன் யாருக்கு? எனக்கு. அப்படியென்றால் ஐயா எனக்கு நல்லதுதானே சொல்லியிருக்கிறார்! "தம்பி, கொடு, நன்றாக இருப்பாய்" என்று ஒருவர் சொன்னால் அவர் எந்த அணி? வாங்குபவருக்கே பலன் என்று அவர் மனசார நம்பினால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "தம்பி, இந்தா என் கவர், இதையும் நீயே வாங்கிக்கொள், பலன் உனக்கே வரட்டும்" என்றல்லவா நீட்டியிருக்க வேண்டும்! நீட்டினாரா? சட்டைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார், பாருங்கள்.

இப்போது ஒரு சேவல் கதை. இந்த மலையில் ஒரு எஸ்டேட் ஊர். பெயர் சொல்ல மாட்டேன், சொந்தக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். அறுப்பின் பண்டிகை ஏலம். உங்களுக்குத் தெரியாததா? சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த சௌசௌ, ஆரஞ்சு, பலாப்பழம், ஒரு படி மிளகு, எல்லாம் ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, பொருளை மறுபடி ஏலத்துக்கே விடலாம்.

அந்த ஊரில் ஒரு பழைய கணக்குப்பிள்ளை. பாதி டீ வாங்கி அதையும் பாதி குடித்துவிட்டு மீதியைச் சாயங்காலம் வந்து குடிக்கிறேன் என்று சொல்கிற ஜாதி. ஏலத்துக்கு வருவார், கடைசி வரிசையில் கையைக் கட்டி நிற்பார், போய்விடுவார். அன்றைக்கு ஒரு சேவல். நானூறு வரைக்கும் வந்துவிட்டது. "ஐநூறு உண்டா, ஐநூறு?" அந்த நேரம் பார்த்து ஒரு குளிர்காற்று. மனுஷர் மப்ளரை இழுத்துவிடக் கையைத் தூக்கினார். "ஐநூறு! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

சபையே எழுந்து கைதட்டுகிறது. ஆயர் மைக்கில் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணுகிறார். எப்படி இல்லையென்பது? பணத்தைக் கட்டிவிட்டுச் சேவலைக் கக்கத்தில் வாங்கிக்கொண்டு நிற்கிறார். யாரோ ஒரு வாலிபப் பையன் காதில் சொன்னான், "ஐயா, வேண்டாமென்றால் திரும்ப ஏலத்துக்கு விடலாம்." முகம் மலர்ந்தது. பணம் திரும்ப வரும் என்று நினைத்துவிட்டார்! சேவலைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஆயர் என்ன செய்தார் தெரியுமா? நீட்டின கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

மறுபடி ஏலம். ஐநூறு, ஐநூற்றைம்பது, அறுநூறு. யாரோ ஒரு வெளியூர்க்காரர் அறுநூறு என்றார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "எழுநூறு!" திரும்பிப் பார்த்தால் நம் கணக்குப்பிள்ளை. இந்தத் தடவை மப்ளர் அசையவே இல்லை. "அதெப்படி என் சேவலை வெளியூர்க்காரன் கொண்டு போவான்?"

இதே கதையைக் கொஞ்சம் சேவல் பக்கமிருந்தும் பாருங்கள். காலையில் கூடையில் ஏறும்போதே குழம்பு என்று முடிவாகிவிட்டது. ஒரே நாளில் ரெண்டு தடவை விலைபோய், விலையும் ஏறி, கடைசியில் யார் வீட்டுக்குப் போகிறது? கறி எடுத்தே பழக்கமில்லாத வீட்டுக்கு! அறுக்கவில்லை. விடிகாலை நாலு மணிக்குக் கூவுகிறது, பக்கத்து வீடெல்லாம் திட்டுகிறது, அவர் திண்ணையில் உட்கார்ந்து, "ஆயிரத்து இருநூறு ரூபாய்ச் சேவல், கூவாதா?" என்று சிரிக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவர் வீட்டம்மா எங்கள் அக்காவிடம் சொன்னார்களாம். சபைக்கு வந்த 1,200 ரூபாய் கரண்ட் பில்லுக்குப் போயிருக்கும். அந்த வீட்டுக்குள் போன சிரிப்புக்கு என்ன பில் போடுவீர்கள்?

சிரித்தது போதும், வேதத்துக்கு வருகிறேன். எருசலேம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு உட்கார்ந்து பார்க்கிறார். ஐசுவரியவான்கள் அதிகமாய்ப் போடுகிறார்கள். ஓர் ஏழை விதவை ரெண்டு காசு போடுகிறாள். அந்த ரெண்டு காசால் ஆலயத்துக்கு என்ன வந்துவிடும்? வாங்குபவரின் பலன்தான் அளவு என்றால் இயேசு பாராட்டியிருக்க வேண்டியது பணக்காரர்களை. அவர் சீஷர்களைக் கூப்பிட்டு, எல்லாரையும்விட இவளே அதிகமாய்ப் போட்டாள் என்றார். அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை, அவள் வீட்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தார். வரி வசூலிக்கிற பணக்காரன் சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றபோது, "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார் இயேசு. எந்த வீட்டுக்கு? வாங்கின வீட்டுக்கா?

வேலூருக்கு வருகிறேன் என்றேனே. அந்த வங்கிக்காரர் ராபர்ட் ஷெல் 10,000 டாலரை எதற்குக் கொடுத்தார்? செத்துப்போன மனைவியின் நினைவாக. மேரி டேபர் ஷெல் என்று அந்த அம்மாள் பெயரையே மருத்துவமனைக்கு வைத்தார்கள். நோயாளிக்குப் பலன் இல்லையென்று நான் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் வீட்டிலேயே சோறு போட மாட்டார்கள். ஆனால் மனைவியைப் பறிகொடுத்த ஒருவருக்கு, முன்பின் தெரியாத ஊரில், அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு பெண்கள் பிள்ளை பெற்றுப் போகிறார்கள் என்றால், அது என்ன பலன் ஐயா?

மிசோரம் சபைகளில் 1910-இலிருந்து பிடியரிசி எடுக்கிறார்கள். ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசி ஆண்டவருக்கு. எங்கள் வீட்டிலும் அந்தப் பழக்கம் இருந்தது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒண்டுக்குடித்தனம். அம்மா வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோத்துக் கொடுப்பார். பட்டறையில் முன்பணம், ரேஷனில் அரிசி, மளிகைக் கடையில் கடன். வாரம் முழுக்க வாங்குவதுதான். வாங்கும்போது அம்மாவின் குரல் எப்படித் தாழும் என்று எனக்குத் தெரியும். "நமக்கே பத்தலையேம்மா" என்று ஒரு நாள் அந்தப் பிடியரிசி டின்னைப் பிடித்துக்கொண்டேன். "கையை எடுடா, உலை கொதிக்குது" என்றார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போவார். அன்றைக்கு மட்டும் மளிகைக் கடைக்காரர் முகத்தைப் பார்த்து, "என்னண்ணே, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டு நடப்பார்.

வாங்குபவருக்குத்தான் பலன் என்கிறீர்களே பேராசிரியர் ஐயா, எங்கள் அம்மாவைக் கடைசிவரைக்கும் வாங்குகிறவளாகவே வைத்திருந்தால் உங்களுக்குச் சந்தோஷமா? அந்த ஒரு பிடி அரிசி...

மணி அடித்துவிட்டார் நடுவர். சரி, முடித்துவிட்டேன். ஐயா, தீர்ப்பை எங்கள் அணிக்கே கொடுத்துவிடுங்கள், பலன் உங்களுக்குத்தான். வணக்கம்.