பில்லின் அடியில் அச்சிட்ட வரி

(கோவையில் ஜாப் ஒர்க் செய்வோரும் சிறு ஆலை நடத்துவோரும் கூடிய அரங்கில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நூல் வாங்கிய பில்லையோ சாயப்பட்டறையின் ஜாப் ஒர்க் பில்லையோ எடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். ‘திருப்பூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். சற்றுப் பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் ஆர்டர் என்றால், தகராறுகள் ஆர்பிட்ரேஷன் மூலம், அதாவது நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு நடுவர் மூலம், தீர்க்கப்படும் என்று பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும். சரக்கு ஏற்றும் அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை. பணம் நின்றுபோன பிறகே அந்தத் தாள் வக்கீல் வீட்டுக்கு வருகிறது. அந்த ஆர்பிட்ரேஷன் வரி யாரை, எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது குறித்து உச்ச நீதிமன்றம் அண்மையில் வழங்கிய தீர்ப்புகளே இன்றைய பேச்சு.

பெரிய மனிதர்களை வைத்துப் பைசல் செய்துகொள்ளும் பழக்கம் கொங்கு நாட்டில் பழையது. அந்தப் பைசல் பிடிக்காவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடலாம். 1996ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின்படி அமையும் நடுவர் தீர்ப்பு அப்படியன்று. அதைச் சிவில் நீதிமன்றத்தின் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றலாம், அதை ரத்துச் செய்வதற்கான காரணங்களோ மிகக் குறுகியவை. ஆகவேதான், நடுவரிடம் போவதாக ஒப்பந்தம் இருக்கிறதா என்ற முதற்கேள்வியிலேயே எதிர்த்தரப்பு முழுபலத்தையும் காட்டுகிறது.

2023 ஏப்ரல் 25 அன்று, என்.என். குளோபல் வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்வு மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், முத்திரைத் தீர்வை செலுத்தப்படாத ஆவணத்தில் உள்ள நடுவர் ஒப்பந்தத்தைச் சட்டப்படி செயல்படுத்த முடியாது என்று கூறியது. அந்த வழக்குக்கு அடிப்படை, நிலக்கரிப் போக்குவரத்துக்கான துணை ஒப்பந்தத்தின் பணி ஆணை. நம் ஊரில் பணி ஆணையை லெட்டர்பேடில் அடித்துக் கொடுக்கிறோமே தவிர, முத்திரைத்தாள் வாங்க யார் போகிறார்கள்? பணம் தர வேண்டியவரே, தாம் கையெழுத்திட்ட தாளில் முத்திரை இல்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்ததை அந்த மாதங்களில் நான் நேரில் கண்டேன்.

அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாக இதை மாற்றினார்கள். முத்திரையில்லாத ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாதே தவிர, அது செல்லாத ஆவணம் ஆகிவிடாது. கட்டாமல் விட்ட தீர்வையையும் உரிய அபராதத்தையும் கட்டினால் அந்தக் குறை நீங்கிவிடும். அந்த ஆட்சேபத்தை நடுவரே விசாரித்துக்கொள்வார் என்றார்கள். தீர்ப்பு சரியானது என்பதே என் கருத்து. ஆனால் எட்டு மாதத்துக்குள் சட்டம் தலைகீழாகத் திரும்பினால், இடையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் கோவைக்கும் இரவு ரயிலில் அலைந்தவனுக்கு யார் கணக்குச் சொல்வது?

கையெழுத்து விஷயமும் இதே வழியில்தான் போகிறது. துத்தநாகக் கொள்முதல் தொடர்பான கிளென்கோர் வழக்கில், ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு கையெழுத்திடவில்லை. ஆனால் மின்னஞ்சலில் நிபந்தனைகளை ஏற்று, சரக்கையும் வாங்கியிருந்தது. அதுவே போதும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஸ்பின்னிங் மில்காரர்கள் கிரிஷ் ஸ்பின்னிங் வழக்கையும் நினைவில் வைக்க வேண்டும். தீவிபத்துக்கான இழப்பீட்டைப் பெற்று, முழுத் தீர்வாக ஏற்றதாக எழுதிக் கொடுத்திருந்தாலும், நடுவர் ஒப்பந்தம் அதனோடு அழிந்துவிடாது என்று 2024 ஜூலையில் தீர்ப்பானது. மனமொப்பி எழுதிக் கொடுத்தாரா என்பதை நடுவர்தான் பார்ப்பார்.

இப்படித் தாளில் உள்ள குறைகளையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் நீதிமன்றம், சம்மதத்தில் உள்ள குறையைப் பொறுப்பதில்லை. 2025 ஜூலையில், ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் நடுவர் சட்டத்தின் வழியே பரிகாரம் ‘தேடலாம்’ என்ற பொருளில் மட்டுமே வாசகம் இருந்ததால், அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே ஆகாது என்றது. ‘வேண்டும்’ என்பதற்குப் பதில் ‘லாம்’ என்று முடிக்கும் விகுதி பல லட்ச ரூபாய்க்குச் சமம் என்பதைத் தமிழாசிரியர்கள்கூட நமக்குச் சொல்லித் தரவில்லை.

நடுவரை யார் நியமிப்பது என்பதில்தான் நம் பக்கத்து மக்கள் அதிகம் அடிபடுகிறார்கள். நாமக்கல்லில் லாரிக்கும் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கும் கடன் வாங்குகிறார்கள். கடன் கொடுத்த நிறுவனமே சென்னையில் ஒருவரை நடுவராக நியமித்து, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கி, நிறைவேற்று மனுவோடு வாசலுக்கு வருகிறது. வழக்கின் முடிவில் நலன் உள்ளவர் தனியொரு நடுவரை நியமிக்க முடியாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கிலேயே சொல்லப்பட்டது. 2024 நவம்பர் 8 அன்று, ரயில்வே மின்மயமாக்கல் அமைப்பின் வழக்கில், நடுவர் நியமனத்திலும் இரு தரப்பும் சமம் என்றும், பொதுத்துறை ஒப்பந்தத்தில் ஒரு தரப்புக்கு மட்டும் அந்த அதிகாரத்தைத் தருவது அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவுக்கு முரண் என்றும் அரசியல் சாசன அமர்வு பெரும்பான்மையாகக் கூறியது. தகுதியற்ற நடுவர் முன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அது சம்மதம் ஆகிவிடாது. தகராறு எழுந்த பிறகு வெளிப்படையாக எழுதிக் கொடுத்தால் மட்டுமே ஆகும். ஆதலால், நோட்டீசோடு வரும் வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். இப்படி நியமன அதிகாரம் விழுந்தாலும் நடுவர் ஒப்பந்தம் விழுவதில்லை. உயர் நீதிமன்றம் வேறொருவரை நியமிக்கும்.

கடைசியாகச் சிறுதொழில் சட்டம், அதாவது 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். சரக்கை ஏற்ற 45 நாளுக்குள் பணம் வராவிட்டால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்குக் கூட்டு வட்டி கேட்டு, இத்தகைய நிலுவைத் தகராறுகளுக்காக அரசு அமைத்த சிறுதொழில் வசதியாக்கக் குழுவிடம் போகலாம். குழு தரும் தீர்ப்பை எதிர்ப்பவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் வாதாட வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு நடுவர் முறை எழுதியிருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் தீர்ப்பானது. அதே தீர்ப்பு, சிறுதொழிலாகப் பின்னால் செய்த பதிவு அதற்குப் பிறகு அனுப்பிய சரக்குக்கே பயன்படும் என்றும் சொல்லிவிட்டது. பதிவு எப்போது இருக்க வேண்டும் என்ற அந்தக் கேள்வியை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். எனவே, என்னிடம் வருபவரின் பதிவுச் சான்றையும் முதல் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதி பார்த்த பிறகே மனுவை எழுதத் தொடங்குகிறேன்.