மேசை மேல் மூவாயிரம் பவுண்டு: பில்லி பாஸ்டன் ஆட்டம் மாறிய கதை

[திரை: கார்டிஃப் துறைமுகம், பழைய கறுப்பு வெள்ளைப் படம்]

1953 மார்ச். வேல்ஸில் கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பே பகுதி. பாஸ்டன் வீட்டு மேசை மேல் ஆயிரம் பவுண்டு, நோட்டுக் கட்டாக. வைத்தவர்கள் வடக்கு இங்கிலாந்தின் விகன் ரக்பி கிளப்காரர்கள். 18 வயது ரக்பி ஆட்டக்காரர் பில்லி, வேண்டாம் என்கிறார். தொகை ஆயிரத்தைந்நூறாக ஏறுகிறது. இவர்களைக் கிளப்பி விட்டால் போதும் என்று அம்மா ஒரு போடு போடுகிறார்: மூவாயிரம் தந்தால் கையெழுத்து. அவ்வளவு யார் தரப்போகிறார்கள் என்ற தைரியம்தான். வந்தவர்களோ எண்ணி வைத்துவிட்டார்கள்! பில்லி பின்னாளில் பலமுறை சொன்ன கதை இது. கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதாராம்.

காசு வந்ததற்கு ஏன் அழ வேண்டும்?

[திரை: இரண்டு மைதானங்கள். ஒன்றில் 15 பேர், இன்னொன்றில் 13 பேர்]

ரக்பியில் இரண்டு வகை: யூனியன், லீக். 1895இல் பிரிந்தார்கள், காரணம் காசு. வேலைக்கு லீவு போட்டு ஆடும் தொழிலாளிக்கு அன்றைய கூலியைக் கொடுக்கலாம் என்றது வடக்கு; அதுதான் லீக் ஆனது. கூடவே கூடாது என்றது யூனியன். அப்புறம் லீக் பக்கம் போனவருக்கு யூனியனில் ஆயுள் தடை. 1995இல் யூனியனே சம்பளம் கொடுக்கத் தொடங்கும்வரை இதுதான் நடைமுறை. விகன் லீக் கிளப். ஆக, அந்தக் கையெழுத்தோடு வேல்ஸ் யூனியன் அணியின் சிவப்புச் சட்டைக் கனவு போயிற்று.

சரி, அந்தச் சட்டை அவருக்குக் கிடைத்திருக்குமா? பில்லியின் அப்பா ஆப்பிரிக்காவின் சியரா லியோனைச் சேர்ந்தவர். ஊர்ப் பெரிய கிளப்பான கார்டிஃப் தன்னைக் கூப்பிடாததற்குத் தோல் நிறமே காரணம் என்று பில்லி நம்பினார். வேல்ஸ் யூனியன் அணியில் ஒரு கறுப்பின வீரர் ஆடியது 1983இல்தான். எனக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

[திரை: விகன், சென்ட்ரல் பார்க் மைதானம்]

லீக்கில் நடந்ததே வேறு. விகன் முதல் அணியில் ஆறே ஆட்டங்கள் ஆடியிருந்தவரை, 1954இல் பிரிட்டன் அணி ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குக் கூட்டிப் போனது. 18 ஆட்டங்களில் 36 டிரை. பந்தோடு ஓடி, எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் அழுத்தினால் அது ஒரு டிரை. பில்லி ஆடியது ஓரத்தில், விங்கில். வெட்டி விலகி ஓடுவார். வழி இல்லையென்றால் ஆள் மேலேயே ஏறிப் போவார். வயதாக ஆக உடம்பு பெருத்தது. எதிரே நிற்பவருக்குத்தான் பாடு கூடியது.

1957இல் உலகக் கோப்பை முடிந்து திரும்பும் வழியில் பிரிட்டன் அணி தென்னாப்பிரிக்காவில் காட்சி ஆட்டங்கள் ஆடியது. அங்கே நிறவெறிச் சட்டம். பில்லி மட்டும் தனியாக ஊர் திரும்பினார். கூட ஆடியவர்கள் ஆடிவிட்டுத்தான் வந்தார்கள்.

விகனுக்காக 488 ஆட்டங்களில் 478 டிரை. எல்லா அணிகளையும் சேர்த்து மொத்தக் கணக்கு 571.

[திரை: கார்டிஃப் பே, வெண்கலச் சிலை]

2023இல் கார்டிஃபில் சிலை வைத்தார்கள். கூட நிற்கும் கஸ் ரிஸ்மன், கிளைவ் சல்லிவன் இருவரும் அதே ஊரில் பிறந்து, வடக்கே போய் லீக் ஆடியவர்கள். 2025இல் பில்லி ‘சர்’ பட்டம் பெற்றார். லீக் ஆட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. அவருக்கு அப்போது வயது 90.